உள்ளே பாலிஷ் போடாத பெட்டி

என் தங்கை வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் 'கண்ணாடி'. புதிதாகத் தேடி வருகிறவர்கள் மூக்குக்கண்ணாடி போட்ட ஆளை எதிர்பார்த்து வந்து, அவர் முன்னாலேயே நின்றுகொண்டு, "இங்க கண்ணாடின்னு ஒருத்தர் இருக்காராமே?" என்று கேட்பார்கள். அவருக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது. மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது அவர் தொழில். அவர் கைபட்ட மேஜையில் குனிந்து பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். அப்படி வந்த பெயர்.

மெச்சுவதில் நான் கஞ்சன் என்பாள் தங்கை. எனக்கு நூலகத்தில் வேலை, வாழ்க்கையைப் பற்றிப் பெரியவர்கள் எழுதியதைப் படிப்பது பழக்கம். அதிகம் படித்தால் பாராட்டு குறைந்துவிடும் போலிருக்கிறது. இருந்தாலும் இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம் உண்டு.

அவர் பட்டறை மர அறுப்பு மில்லுக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்தால் அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை தொண்டையைப் பிடிக்கும். பஞ்சை உருட்டிப் பழைய சட்டைத் துணியில் சுற்றி, அரக்குக் கரைசலில் தோய்த்து, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். துணி போதுமான அளவு மிருதுவா என்று கன்னத்தில் உரசிப் பார்த்துத்தான் எடுப்பார். கடைசியில் தேன்மெழுகு பூசி மினுக்குவார். மேஜையின் மேல்பக்கத்துக்குக் காட்டும் அதே கவனம் அடிப்பக்கத்துக்கும் உண்டு. இழுப்பறையின் முதுகு, அலமாரியின் சுவரோரப் பக்கம், எதையும் விடமாட்டார். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் பொறுமை இழந்து கேட்டார்.

"அடியில எதுக்குங்க இவ்வளவு மெனக்கெடறீங்க? யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே" என்றார் கண்ணாடி.

இந்த ஒரு வரியைப் புத்தகங்களில் நூறு பக்கத்துக்கு நீட்டிப் படித்திருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்தாறு வருடம் இப்படிப் போயிற்று. சென்ற ஆண்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "இனிமே அந்த ஸ்பிரிட் புகைக்குள்ள நிக்கக் கூடாது. ஒரு நாள்கூட" என்று சொல்லிவிட்டார். பட்டறையில் மூன்று மாத வேலை வரிசையில் நின்றது. ஒவ்வொரு சாமானையும் தானே வண்டியில் ஏற்றி, உரியவர்கள் வீட்டில் இறக்கி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவரின் சிமெண்ட் குடோனில் காவல் வேலைக்குச் சொல்லி வைத்தேன். நாற்காலி, நோட்டு, ஒரு கேட். முதல் தேதிக்குள் பதில் வேண்டும் என்றார் குடோன்காரர்.

"நாள் முழுக்க உக்காந்துக்கிட்டேவா?" என்றார் மாப்பிள்ளை. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால்கூட அவர் முகம் அப்படிப் போயிருக்காது.

அவர் மனதில் வேறு ஒன்று இருந்தது. மெழுகு வாங்க அடிக்கடி போகும் பழப்பண்ணை ஒன்று. பண்ணைக்காரம்மா இருபது தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். பூக்கள் காயாக அவை வேண்டும். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாப்பிள்ளை போய்க் கேட்டார்.

"மெழுகு வாங்கறது வேற, ஈ வளக்கறது வேறங்க" என்றார் அந்த அம்மா.

"இருபத்தாறு வருஷமா அதுங்க உழைப்பைத் தேச்சுத்தாம்மா சோறு தின்னிருக்கேன். கொஞ்சம் அதுங்களுக்கும் உழைக்கிறேனே."

அந்தப் பதில் பண்ணைக்காரம்மாவுக்குப் பிடித்திருக்க வேண்டும். "சரி. நீங்களா ஒரு கூட்டத்தைப் பிடிங்க. நாலு நாள் பெட்டியில தங்க வெச்சுக் காட்டுங்க. முதல் தேதிக்குள்ள காட்டினா வேலை உங்களுக்கு" என்றார். ஆக, ஒரே முதல் தேதி இரண்டு இடத்தில் காத்திருந்தது.

தேனீக் கூட்டம் என்பது இதுதான். பழைய கூட்டில் நெரிசலானால் ராணியோடு பாதி ஈக்கள் வெளியேறும். ஏதாவது கிளையில் கொத்தாகத் தொங்கும். வேவு பார்க்கும் ஈக்கள் புது வீடு தேடிப் போகும். அது கிடைக்கும் வரைதான் கொத்து அங்கே இருக்கும்; சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள். அதற்குள் நம் பெட்டிக்குள் இறக்க வேண்டும். கொத்தின் நடுவில் எங்கோ இருக்கும் ராணி பெட்டிக்குள் வந்தால் மற்றவை தானாக வரும். வராவிட்டால் ஒன்றும் நிற்காது.

தச்சரிடம் பெட்டி செய்யச் சொன்னார். பாலிஷை மட்டும் வாசலில் வெட்டவெளியில் உட்கார்ந்து தானே போட்டார்; டாக்டருக்குத் தெரியாது. வெளியே மூன்று பூச்சு, உள்ளே இரண்டு பூச்சு, மூடியின் உள்பக்கத்துக்குக்கூட. தச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் கண்ணாடி, இதுல ஈ குடியேறப் போவுதா, கல்யாணப் பொண்ணு குடியேறப் போவுதா?"

"யாரா இருந்தா என்ன? வர்றவங்க முகம் சுளிக்கக் கூடாது."

முதல் கூட்டம் பள்ளிக்கூட வாசல் மரத்தில் தொங்கியது. ஏணி வைத்து ஏறி, கிளையை ஓர் உலுக்கு உலுக்கினார். கொத்து பாதி பெட்டியிலும் பாதி அவர் தோளிலும் விழுந்தது. எதிர்க்கடை முடிவெட்டுகிறவர் கத்தரியும் கையுமாக வெளியே வந்து, "கண்ணாடி, அசையாம நில்லு, அதுங்க உன்னையே பாலிஷ் போட்டுடும்!" என்று கத்தினார். கால் மணி நேரத்தில் பெட்டிக்குள் விழுந்தவையும் கிளைக்கே திரும்பின. ராணி கிளையை விட்டு நகரவே இல்லை. அடுத்த உலுக்கலுக்குள் மொத்தமும் எழுந்து, ஒரு கரும்புகை போலக் கூரைகளைத் தாண்டிப் போய்விட்டது. இடது காது வீங்கி, அவர் மட்டும் ஏணியில் நின்றார்.

இரண்டாவது, பேருந்து நிழற்குடையின் ஓரத்தில். இந்த முறை ராணியும் விழுந்தது. பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே வீடு வந்தார். மொட்டை மாடியில் வைத்தார். பொழுது விடிந்து அரை மணி நேரத்தில் கூட்டம் வாசல் வழியாகப் பொலபொலவென்று கொட்டி மேலே எழுந்தது. பாத்திரம் தட்டினால் இறங்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, தங்கையின் தட்டையும் கரண்டியையும் எடுத்துத் தட்டிக்கொண்டே தெருவில் ஓடினார். பின்னால் தங்கை, "ஏங்க, வெறும் தட்டைத் தட்டினா யாருங்க வருவா, அதுல ஏதாவது போட்டாத்தானே?" என்று கேட்டதாகக் கேள்வி.

மூன்றாவது ஓர் அடுக்குமாடியின் தபால்பெட்டிக்குக் கீழே. பிடித்தார், இந்த முறை பெட்டி வாசலுக்குக் கம்பிவலை அடித்து ஒரு நாள் முழுக்கப் பூட்டி வைத்தார். மறுநாள் வலையை எடுத்ததும் இரண்டு நிமிடம். கடைசி ஈ போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், காலிப்பெட்டியைத் துணியால் துடைத்தாராம், உள்ளேயும்.

"பண்ணைக்காரம்மாகிட்ட என்ன தப்புன்னு கேளுங்களேன்" என்றேன்.

"கேட்டா, இவனுக்குத் தெரியலன்னு எழுதிக்குவாங்க மச்சான்."

வேலை கேட்டு நிற்கும் அவர் இடத்தில் இருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் குடோன்காரர் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். தங்கை, காவல் வேலைக்கு ஆகட்டும் என்று, மாப்பிள்ளையின் காக்கிச் சட்டை ஒன்றைத் தோய்த்துத் தேய்த்து வைத்திருந்தாள். அதை அவர் பார்த்தார், பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

மாதத்தின் இருபத்தாறாம் தேதி. பகல் பதினொரு மணி. நூலகத்துக்குத் தினமும் வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் உள்ளே வந்து என் மேஜையில் சாய்ந்து, "சார், உங்க சைக்கிளுக்குத் தாடி முளைச்சிருக்கு" என்றார்.

போய்ப் பார்த்தேன். என் சைக்கிள் இருக்கைக்கு அடியில், முழங்கை நீளத்துக்குப் பழுப்பு நிறக் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் மொத்தமும் மெல்ல நெளிந்தது. உடனே போன் போட்டேன்.

"மாப்ளே, உங்க விருந்தாளிங்க என் சைக்கிள்ல உக்காந்திருக்காங்க."

"தொடாதீங்க மச்சான். சத்தமா மூச்சுகூட விடாதீங்க. வந்துட்டேன்."

பெட்டியைக் கட்டிக்கொண்டு இருபது நிமிடத்தில் வந்தார். கொத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு, இன்னொரு முறை துடைத்துவிடலாம் என்று, பெட்டியை நூலகச் சாமான் அறைக்குள் கொண்டுவந்து, ஜன்னல் இல்லாத அந்த அறையில், என் முகத்துக்கு நேரே மூடியைத் திறந்தார்.

கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. அவர் வீட்டில் அந்தப் பெட்டியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கே சுவரே அரக்கு மணக்கும். பெட்டி தனியாக மணக்கிறது என்று தோன்றியதில்லை. பழைய காகித வாடைக்கு நடுவே அது தனியாகக் குத்தியது.

"அப்பா! என்ன மாப்ளே இந்த வாடை வீசுது?"

"எது?"

"இந்தப் பெட்டிதான்."

அவர் குனிந்து, பெட்டிக்குள் முகத்தையே விட்டு இழுத்து மூச்சு வாங்கினார். "ஒண்ணும் இல்லையே."

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பையைத் துழாவி ஒரு பஞ்சு உருண்டையை எடுத்தார். அதை என் பக்கம் நீட்டி, "இது?" என்றார்.

"ஸ்பிரிட்டு. தலையைச் சுத்துது, தள்ளி வைங்க."

அதைத் தன் மூக்கில் வைத்து அழுத்தினார். பிறகு புத்தகக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

"தெரியல மச்சான். ஒண்ணு இல்லாமப் போறது எப்படித் தெரியும்? இருக்கறதுதானே தெரியும்."

நான் படித்த புத்தகங்களில் இந்த வரி இருந்ததாக நினைவில்லை.

"அப்போ பெட்டிக்குள்ள வந்துட்டுப் போன அந்த ரெண்டு கூட்டமும்…" என்றார்.

"உங்களைப் பிடிக்காமப் போகல. வாடை பிடிக்காமப் போயிருக்கு."

"சுரண்டிட்டா?" என்று தன்னையே கேட்டு, தானே பதிலும் சொன்னார். "ம்ஹும். மரம் குடிச்சிருக்கும். நான்தானே ஊட்டினேன், ரெண்டு பூச்சு."

வெளியே கொத்தின் மேல் வேவு ஈக்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. நேரம் இல்லை. அறை மூலையில் புத்தகங்கள் வந்த பலகைப்பெட்டி ஒன்று கிடந்தது. இழைப்புளியே படாத பலகை. எங்கே தொட்டாலும் சிராய். ஒரு பக்கம் கறுப்பு மசியில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சு. அவர் அதைப் பார்த்தார், கழுவாத தட்டைப் பார்ப்பது போல. நானும் அதையேதான் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இதுலயா?"

"வேற என்ன இருக்கு?"

இழுத்து வெளிச்சத்தில் வைத்தார். ஓரத்தைத் தடவினார். அவருக்குத் தெரியாமலே கை சட்டைப்பைக்குள் போய் உப்புத்தாளோடு வெளியே வந்தது. இரண்டு இழுப்பு இழுத்தும்விட்டார். சட்டென்று நிறுத்தினார். உப்புத்தாளை நான்காக மடித்து என்னிடம் நீட்டினார்.

"இதை நீங்க வெச்சுக்குங்க. எங்கிட்ட இருந்தா கை தேச்சுடும்."

இருபத்தாறு வருடத்தில் அந்தத் தாள் அவர் பையில் இல்லாத நாள் கிடையாது. என் சட்டைப்பையில் அது கனத்தது என்று சொன்னால் மிகையாகும். ஆனால் அது இருக்கிறது என்பது நாள் முழுக்க எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

பையிலிருந்த தேன்மெழுகுக் கட்டியை எடுத்தார். உள்மூலைகளில் தேய்க்கப் போனவரைத் தடுத்தேன். "மொதல்ல கையைக் கழுவுங்க, அரக்கு வாடை."

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினார். ஒவ்வொரு முறையும் கையை என் மூக்கருகே நீட்டினார். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளில், இந்தக் கையை ஒருநாள் நாய் மாதிரி மோந்து பார்ப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"இப்போ?"

"சோப்புதான் வருது."

"சட்டை?"

"சட்டையையும் கழட்டிடுங்க."

பனியனோடு வேலை பார்த்தார். பெட்டியின் ஒரு பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு வாசல் செதுக்கினார். மெழுகைத் தேய்த்தார். இந்த முறை உலுக்கவில்லை. இருட்டைக் கண்டால் ஈக்கள் மேல்நோக்கி ஏறும் என்று பண்ணையில் யாரோ சொன்னது அவருக்கு நினைவிருந்தது. சைக்கிளின் இருபுறமும் ஸ்டூல்களை வைத்து, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையும் கொத்தின் மேல்பாதியும் அதற்குள் இருக்கும்படி நிறுத்தினார். கீழிருந்து எரியும் சணல் துண்டின் புகையை மிகக் கொஞ்சமாகக் காட்டினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வாத்தியார் அரை மணிக்கு ஒருமுறை வந்து, "தாடி மழிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதன்பின் கொத்தின் வால் குட்டையாவது போலிருந்தது. அது பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. விளிம்பில் சில ஈக்கள் வரிசையாக நின்று, பின்பகுதியைத் தூக்கிக்கொண்டு இறக்கையை விசிறின. அப்போது காற்றில் மெல்லிதாக ஒன்று வந்தது.

மாப்பிள்ளை என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஈக்களை அல்ல. "மச்சான், ஏதாவது வாசனை வருதா?"

"வருது. எலுமிச்சம் தோலைக் கிள்ளின மாதிரி."

"ராணி உள்ள போயாச்சுன்னா அப்படித்தான் மத்ததுங்களைக் கூப்பிடுமாம். பண்ணையில சொல்லியிருக்காங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு மாப்ளே. ரொம்ப நல்லா இருக்கு."

தானே முகர்ந்தது போலத் தலையாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் பெட்டியை மெதுவாகத் தூக்கி, அடியில் ஒட்டுப்பலகையைச் செருகிக் கட்டினோம். சைக்கிள் குலுங்கும் என்று, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடந்தே கொண்டுபோனோம். என் உள்ளங்கையில் மூன்று சிராய் ஏறியது. அவர் கையில் எத்தனையோ. ஒன்றையும் எடுக்காமல் நடந்தார்.

வீட்டில் மூக்கு விஷயத்தைச் சொன்னபோது தங்கை அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள்.

"பால் தீஞ்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு அண்ணே. பருப்பு அடிப்பிடிச்சாலும் சாப்பிட்டு எந்திரிச்சிடுவாரு. எம்புட்டு நல்ல மனுஷன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே!"

"நல்ல மனுஷன்தான்" என்றார் அவர். "அதுக்குக் காரணம்தான் வேறயாப் போச்சு."

அவள் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனாள். புகையை நிறுத்தினால் ஒருவேளை திரும்பலாம், உறுதி சொல்ல முடியாது என்றாராம்.

இருபத்தேழாம் தேதி விடிந்து அரை மணி நேரம், மாடிப்படியில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் நான்கைந்து ஈக்கள் வந்தன, சுற்றின, திரும்பி உள்ளே போயின. இருபத்தெட்டிலும் அப்படியே. இருபத்தொன்பதாம் தேதி தங்கைதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, இதுங்க கால்ல மஞ்சளா என்னமோ ஒட்டியிருக்கு!" பூந்தூள். வெளியேறப் போகிற கூட்டம் சமையலுக்குச் சாமான் வாங்காது. காக்கிச் சட்டை இருந்த இடத்தில் அன்று மாலை இல்லை.

முப்பதாம் தேதி பண்ணைக்காரம்மா வந்தார். படியேறி வந்தவர் பெட்டியைக் கண்டதும் நின்றார். பிளந்த பலகை, துருத்திய ஆணி, தலைகீழாக 'இந்தப் பக்கம் மேலே'. பக்கத்தில் அந்தப் பாலிஷ் பெட்டியும் இருந்தது, வெயிலில் தகதகவென்று, காலியாக. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியின் மேல் காதை வைத்து உள்ளே கேட்கும் இரைச்சலைக் கேட்டார். அடிப்பலகையை விரல் அளவு விலக்கி, புதிதாகத் தொங்கிய வெள்ளைத் தேனடைகளைப் பார்த்தார்.

"கண்ணாடிங்கிறது நீங்கதானே? இதுவா உங்க பெட்டி?"

நான் வாய் திறக்கப் போனேன், நூலகத்தில் கிடந்தது, அவசரத்துக்கு எடுத்தது என்று சொல்ல. அதற்குள் அவரே சொன்னார், நிமிர்ந்து நின்று.

"ஆமாங்க. என் பெட்டிதான்."

அந்த அம்மா பாலிஷ் பெட்டிப் பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தார். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க. அந்த இன்னொரு பெட்டியை மட்டும் எடுத்துட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

குடோன்காரருக்கு நானே போன் செய்தேன். ஆள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார் என்றேன். எங்கே என்று கேட்டார். தேனீப் பண்ணையில் என்றேன். "அவருக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றார். அந்த மனிதருக்குப் பத்து நிமிடம் விளக்கம் சொன்னேன். மேஜையின் அடிப்பக்கத்தில் ஆரம்பித்தேன். தங்கை பக்கத்தில் நின்று, நம்ப முடியாதவளாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உப்புத்தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, "இப்போ வேண்டாம் மச்சான், கைக்கு இன்னும் பழகல" என்றார்.